மாப்பிள்ளைச் சம்பாவும் மூணு கோலும்

போன புரட்டாசியில் ஒரு நாள் காலை. வெண்ணாற்றங்கரையில் நடந்துவிட்டுத் திரும்பும் வழியில், பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் பையன்கள் ஃபுட்பால் பயிற்சி எடுப்பதைப் பார்க்க நின்றேன். நின்ற ஐந்தாவது நிமிஷம் ஒருத்தன் தலையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தான். உதடெல்லாம் காய்ந்து கிடக்கிறது, கை நடுங்குகிறது.

"என்ன தம்பி சாப்பிட்ட?"

"டீ சார்."

"அதுக்கு முன்னாடி?"

"நேத்து ராத்திரி புரோட்டா சார்."

அஞ்சரை மணி பஸ்ஸைப் பிடித்து வருகிற பையன். அம்மா நடவு ஆள். நடவு நேரத்தில் விடியுமுன்னே வயலுக்குப் போய்விடுவார். வீட்டில் பழையது இருக்கிறது, எடுத்துவர வெட்கம். "கொண்டாந்தா கிண்டல் பண்றாங்க சார்" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு.

1977-இல் தஞ்சாவூரில் கல்லூரியில் படித்தபோது நானும் அணியில் இருந்தேன், வலதுபக்கத் தடுப்பாட்டம். எங்கம்மா தினமும் எவர்சில்வர் தூக்கில் பழையதும் சின்ன வெங்காயமும் வைத்துக் கொடுப்பார்கள். நான் அதைச் சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு, கேன்டீனில் ஒரு போண்டாவும் காபியும் சாப்பிட்டுவிட்டு ஓடப் போவேன். ஒரு நாள் அந்தத் தூக்கு திறக்காமலே வீடு திரும்பியது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தூக்கு வைப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷமே இரண்டாம் பாதி ஆட்டத்தில் கால் இழுத்துக்கொண்டு விழுந்து வெளியே வந்தவன் நான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று புரிய நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்போது அந்தப் பையன்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். விடுதிப் பையன்களுக்குக் காலை எட்டரைக்குத்தான் டிபன், பயிற்சி ஆறுக்கு. இடையில் டீ, பிஸ்கெட். மத்தியானம் பளபளவென்று தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, தண்ணிச் சாம்பார். சாயங்காலம் ஆளாளுக்குச் செல்போனில் பார்த்த வைத்தியம். ஒருத்தன் சோற்றையே விட்டுவிட்டான், "கார்ப் கட் பண்றேன்" என்றான். இன்னொருத்தன் மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கிலோ புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கியிருந்தான், அதுவும் கைமாற்று வாங்கி. முப்பத்தேழு வருஷம் வங்கியில் கடன் மனுக்களைக் கூட்டிக் கழித்தவன் நான். அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு முட்டை ஏழு ரூபாய் என்றால் மூவாயிரத்துக்கு நானூற்று இருபத்தெட்டு முட்டை. முட்டைக்கு ஆறு கிராம் புரதம் என்றால் இரண்டரை கிலோ. டப்பாவில் எழுதியிருப்பது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் முக்கால் கிலோவைத் தாண்டாது. பையன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சீல் உடைத்துவிட்டதால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

இந்த மண்ணில் ஃபுட்பால் புதுசு இல்லை. நம்ம தஞ்சாவூர்க்காரர் குலோத்துங்கன், 2003-இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வென்றபோது அந்த அணியில் ஆடியவர். 2018 ஜனவரியில் தஞ்சாவூரிலேயே சாலை விபத்தில் இறந்துபோனார். பையன்கள் அவர் பேரை இன்றும் சொல்கிறார்கள். ஆக, ஆடக்கூடிய கால்கள் டெல்டாவில் உண்டு. அந்தக் கால்களுக்குச் சோறு போய்ச் சேருகிறதா என்பதுதான் என் கேள்வி.

இனி என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இயற்கை விவசாயத்துக்கு வந்து ஏழெட்டு வருஷமான எவனுக்கும் கையில் ஒரு பதில் தயாராக இருக்கும்: பாரம்பரிய அரிசி. எனக்கும் இருந்தது. நெல் ஜெயராமன் ஊர் ஊராகத் தேடி மீட்டுக் கொடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களில் மாப்பிள்ளைச் சம்பாவைத்தான் நான் வருஷா வருஷம் போடுகிறேன். நூற்றறுபது நாள் பயிர், சிவப்பரிசி, ஆள் உயரத்துக்கு வளரும். புதுமாப்பிள்ளை இளவட்டக்கல்லைத் தூக்கிய கதையை நம் திருவிழாக்களில் சொல்லாத மேடை இல்லை, நானே சொல்லியிருக்கிறேன். கார்த்திகையில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. அன்றைக்குச் சாப்பாடு என் பொறுப்பு என்று வாங்கிக்கொண்டேன். தீட்டாத மாப்பிள்ளைச் சம்பாச் சோறு, நெய் விட்ட பருப்பு, கத்திரிக்காய்க் கூட்டு, மேலே உளுந்தங்களி. ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டு மணிக்குப் பந்தி.

முதல் பாதியிலேயே பையன்கள் ஓடவில்லை, மிதந்தார்கள். இரண்டாம் பாதியில் ஒருத்தன் கோட்டோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தான். இன்னொருத்தனுக்கு வயிற்றைப் பிடித்தது. மூணு கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. பி.டி. சார் தங்கமான மனுஷன், கோபப்படவில்லை. பஸ்ஸில் ஏறும்போது மட்டும், "சார், நெல்லு உங்களுது, வயிறு பசங்களுதுல்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகப் படித்தேன், விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு மருத்துவர்களிடமும் கேட்டேன். நான் குழப்பிக்கொண்டது இங்கேதான். கல் தூக்குவது ஒரு நொடி வேலை. ஃபுட்பால் தொண்ணூறு நிமிஷ வேலை, ஒரு ஆட்டத்தில் ஒருவர் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார், நடுநடுவே பாய்ச்சல் வேறு. அந்தப் பாய்ச்சலுக்கு எரிகிற விறகு தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து. கிளைக்கோஜன் என்பார்கள். நம் பாஷையில் சொன்னால் பத்தாயத்து நெல். 1973-இல் ஸ்வீடன் நாட்டு சால்டின் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கணக்கை வெளியிட்டார். பத்தாயம் நிறைந்து ஆட வந்தவர்கள் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினார்கள். பாதி காலியாக வந்தவர்கள் பத்துகூட எட்டவில்லை, ஆட்டத்தின் பாதி தூரத்தை நடந்தே கழித்தார்கள். வேப்பமரத்தடிப் பையனுக்கு நடந்ததும் அதுதான். "கார்ப் கட்" செய்த பையன் பத்தாயத்தைக் காலி செய்துவிட்டு அறுவடைக்கு ஆள் விடுகிறான்.

அப்படியென்றால் சோறுதான் ஃபுட்பால்காரனின் சாப்பாடு. இதைச் சொல்ல நமக்கு ஏன் கூச்சம் என்று தெரியவில்லை. ஜப்பான் தேசிய அணி உலகக் கோப்பைக்குத் தங்கள் சமையற்காரரையே கூட்டிப் போயிருக்கிறது, சோற்று உருண்டை அவர்களுக்குச் சாதாரணம். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் நிபுணர்கள், ஆட்டத்துக்கு முந்தின நாளும் ஆட்ட நாளும் உடல் எடையில் கிலோவுக்கு ஆறிலிருந்து எட்டு கிராம் மாவுச்சத்து வேண்டும் என்கிறார்கள். அறுபது கிலோப் பையனுக்கு ஏழு கிராம் என்று வைத்தால் 420 கிராம். முழுவதும் அரிசியிலேயே வரவேண்டுமானால் அரைக் கிலோவுக்கு மேல் அரிசி! எங்கப்பா காலத்தில் ஏர் ஓட்டினவர்கள் அதைச் சாதாரணமாகச் சாப்பிட்டார்கள். இன்றைய பையனின் தட்டில் பாதிகூட இல்லை.

எப்போது என்பதும் அளவைப் போலவே முக்கியம். ஆட்டத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னதாகச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அந்த வேளைக்குத் தவிடும் நாரும் நெய்யும் ஆகாது, அவை வயிற்றை விட்டு மெதுவாக இறங்குகின்றன. மற்ற நாளில் மாப்பிள்ளைச் சம்பாவின் பெருமை எதுவோ, ஆட்டத்தன்று அதுதான் குற்றம். இதை நம் இயக்கத்து மேடையில் சொன்னபோது ஒரு பெரியவருக்கு வருத்தம். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆட்ட நாளுக்கு இப்போது நான் கொடுப்பது இட்லி. புழுங்கலரிசியும் உளுந்தும் புளித்து ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, நார் குறைவு, வயிற்றில் கிடக்காது. மூன்று மணி ஆட்டத்துக்குப் பதினோரு மணிக்கு ஆளுக்கு ஏழெட்டு இட்லி, தேங்காய்ச் சட்னி வேண்டாம், சாம்பார் கொஞ்சம். பிறகு ஒரு பூவன் பழம். அதைவிட வேண்டுமென்றால் ரசஞ்சோறு, தூயமல்லி அரிசியைத் தீட்டி வடித்தது. ஆமாம், தீட்டித்தான்.

இடைவேளைக்குப் பானகம். கடையில் நீலமும் ஆரஞ்சுமாக விற்கிறார்களே, அந்தப் பாட்டில்களில் நூறு மில்லிக்கு ஆறு கிராம் வாக்கில் சர்க்கரை இருக்கும், கூட உப்பு. அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முப்பது கிராம் வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சம்பழம் என்றால் ஏறக்குறைய அதே கணக்கு வந்துவிடுகிறது. வீரமாங்குடிப் பக்கம் காய்ச்சுகிற அச்சு வெல்லம் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். சாயம் மட்டும்தான் கிடையாது.

தீட்டாத அரிசிக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது, பயிற்சி நாட்களின் இரவுச் சாப்பாட்டில். சோற்றை உடம்பு எரிக்க வேண்டுமானால் தயமின் என்கிற பி1 வேண்டும். அது இருப்பது தவிட்டில். வெறுமனே தீட்டின பச்சரிசியில் அது போய்விடும். நெல்லை ஊறவைத்துப் புழுக்கினால் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடும். நம் பாட்டிமார் புழுங்கலைப் பிடித்துக்கொண்டதில் இந்த லாபம் இருந்தது.

இதில் ஒரு பழைய வரலாறு உண்டு, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. குன்னூரில் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் இருந்தார். 1918-இல் அங்கே பெரிபெரி நோயை ஆராய ஒற்றை அறையளவில் தொடங்கிய வேலைதான் வளர்ந்து, ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மெக்கரிசன் இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு, அதாவது முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை, காய் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ் சாப்பாடு தின்றவை கடைசி வரிசையில் நின்றன. இதைப் படித்ததும் எனக்கு ரோஷம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் குற்றம் சாட்டியது நெல்லை அல்ல. தீட்டி, மறுபடி மறுபடி கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டி, பாலும் பருப்பும் கீரையும் பேருக்குத் தொட்டுக்கொண்ட தட்டை. நூறு வருஷம் ஆகப்போகிறது, விடுதித் தட்டு அப்படியேதான் இருக்கிறது. இதே மெக்கரிசன் 1926-இல் விஸ்வநாத் என்ற வேளாண் வேதியியலாளருடன் சேர்ந்து, மாட்டெரு போட்டு விளைந்த சிறுதானியமும் கோதுமையும் ரசாயன உரம் போட்டு விளைந்தவற்றைவிடச் சத்தில் மேலானவை என்று எழுதினார். ஆல்பர்ட் ஹோவர்டு தன் புத்தகங்களில் மெக்கரிசனைத் திரும்பத் திரும்பப் பேசுவது சும்மா இல்லை.

தட்டில் குறைவது என்ன என்று மறுபடி கணக்குக்கு வருவோம். அரைக் கிலோ அரிசியில் நாற்பது கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. விளையாடும் பையனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமாவது வேண்டும் என்கிறார்கள், அறுபது கிலோவுக்குத் தொண்ணூற்றாறு. ஐம்பத்தைந்து கிராம் பள்ளம். இரண்டு முட்டை பன்னிரண்டு, அரை லிட்டர் பால் பதினாறு, ஐம்பது கிராம் வேர்க்கடலை பன்னிரண்டு. மீதிப் பதினைந்துக்கு அறுபது, எழுபது கிராம் பயறோ உளுந்தோ போதும். டப்பா எங்கேயும் தேவைப்படவில்லை. மீன் கிடைக்கிற நாளில் இன்னும் சுலபம். வாய்க்காலில் கெண்டையும் வயலில் அயிரையும் இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது மருந்து அடிக்காத வயல் நாலு சேர்ந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தலைகாட்டுகிறது.

பெண்கள் அணியும் அங்கே உண்டு. அவர்களுக்கு முதல் கவலை புரதம் அல்ல, ரத்தம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை, எலுமிச்சை, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமை, இவ்வளவோடு நிறுத்தாமல் ஒரு தடவை ரத்தமும் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறேன். கீரை மட்டும் தீர்க்காத அளவுக்கு இறங்கியிருந்தால் மாத்திரைதான். இயற்கை வழி என்று சொல்லி இதில் விளையாடக் கூடாது.

பழையதுக்கு வருகிறேன். பயிற்சி முடிந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தசை மாவுச்சத்தை வேகமாக வாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் நம் பையன் டீ குடித்துவிட்டு வகுப்பில் தூங்குகிறான். பழையதில் என்ன இருக்கிறது? சோறு, தண்ணீர், உப்பு, மோர். வியர்வையில் போனது அத்தனையும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் இதை ஆராய்ச்சிக்கே எடுத்திருக்கிறார்கள். இரும்புச்சத்து ஒரே ராத்திரியில் இருபது மடங்கு ஏறுகிறது என்று செல்போனில் ஒரு கணக்கு சுற்றுகிறதே, அதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. பழையதுக்கு அந்தப் பொய்க்கால் தேவையில்லை.

அரசாங்கச் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிக்கு. பதினெட்டு வயதில், ஒரு நாளைக்கு மிக அதிகமாகச் சாப்பாடு தேவைப்படும் வயதில், பையனைக் கேட்க ஆளில்லை. அதனால் நாங்களே தொடங்கினோம். மார்கழியிலிருந்து, ஏழரைக்குப் பயிற்சி முடிந்ததும் மைதானத்து ஓரத்தில் ஒரு குண்டான் பழையது, ஒரு சட்டி பச்சைப்பயறு சுண்டல், ஆளுக்கொரு அவித்த முட்டை. முதல் நாள் யாரும் கிட்ட வரவில்லை. பி.டி. சார் தட்டை எடுத்து நின்றுகொண்டே சாப்பிட்டார். பிறகு கோல்கீப்பர் வந்தான். குண்டான் பொதுவாக இருந்தால் யார் வீட்டுப் பழையது என்று யாருக்கும் தெரியாதே! வேப்பமரத்தடிப் பையன் மூன்றாம் நாள் இரண்டு முறை வாங்கினான்.

பயறு எங்கிருந்து வரும் என்பது அடுத்த சிக்கல், நம் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். டெல்டாவின் புரதம் என்பது நெல்லுக்குப் பின் வரும் உளுந்தும் பயறும்தான். சம்பா, தாளடி அறுப்புக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள் மெழுகுப் பதத்து ஈரத்தில் விதையைத் தெளிப்போம். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அதுவே வளரும். தண்ணீர் இல்லை, உரம் இல்லை, உழவு இல்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் இது படுத்துவிட்டது. சக்கரம் முளையை நசுக்கும், தடம் பள்ளமாகும், வைக்கோல் மூடும். நானும் ஆறு வருஷமாக மெஷின்தான் விட்டேன். ஆள் கிடைக்கவில்லை என்பேன், உளுந்து தெளிப்பதையே விட்டுவிட்டேன். கடையில் பருப்பு வாங்கித் தின்னும் விவசாயி ஆகிவிட்டிருந்தேன்.

இந்தத் தையில் மூன்று மா மட்டும் கையறுப்பு என்று ஒதுக்கினேன். உளுந்தும் பச்சைப்பயறும் கலந்து தெளித்தேன். ஆள் கூலி மெஷின் வாடகையைவிட நன்றாகவே கூடியது, மறைக்கவில்லை. பங்குனியில் இரண்டும் சேர்ந்து நூற்றெண்பது கிலோ வந்தது. அணியில் பதினெட்டுப் பேர், ஆளுக்கு ஐம்பது கிராம், நாளைக்குத் தொள்ளாயிரம் கிராம். இருநூறு நாளைக்கு வரும். கல்லூரி வருஷம் ஏறக்குறைய அவ்வளவுதானே. முட்டைக்கு மட்டும் காசு வேண்டும், அதற்குப் பழைய மாணவர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறோம். கல்லூரிப் பக்கத்தில் நிலம் உள்ளவர்கள் ஒரு மா உளுந்துக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள், விதைக்கு ஆடுதுறை 3 கேட்டு வாங்குங்கள்.

கையறுப்பு அன்று ஞாயிற்றுக்கிழமை. பையன்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள், நான் கூப்பிடவில்லை. பாதிப் பேருக்கு அரிவாள் பிடிக்கத் தெரியவில்லை. அரிதாள் ஒரு இடத்தில் முழங்கால் உயரம், ஒரு இடத்தில் தரையோடு. வேப்பமரத்தடிப் பையனின் அம்மா அறுப்பு ஆட்களோடு வந்திருந்தார். மகன் அறுத்த வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பந்த வுட்டுட்டு அருவாளப் புடிச்சா இப்புடித்தான் கோணும்" என்று சிரித்தார். பத்து மணிக்குக் கஞ்சிக் கலயம் வந்தது. அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து, அவர் தூக்கிலிருந்தே ஊற்றிக் குடித்தான்.